வாசிக்காமல் விட்ட கடைசிப் பந்தி

புதிதாக நியமனம் பெற்று ஊவாத் தோட்டங்களுக்கு வந்திருக்கும் மருத்துவமாதுகளுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். மூன்று தடவை சாக்குச் சொன்னேன். கண் மங்கல் என்றேன், முழங்கால் வலி என்றேன். முழங்காலுக்கும் எழுதுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். கடைசியில் எனக்குக் கதை சொல்லத் தெரியாது என்றேன். முப்பத்து மூன்று வருடம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் ஏறி இறங்கி வாயாலேயே வேலை செய்தவள் அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்.

எடை பார்ப்பது, ஊசி மருந்தைக் குளிர்பெட்டியில் கொண்டுபோவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அதை விட்டுவிடுகிறேன். நான் நன்றாகச் செய்த வேலைகளைப் பற்றியும் எழுதப் போவதில்லை. அவற்றை நான் வேலையில் இருக்கும்போதே போதுமான அளவு சொல்லித் திரிந்துவிட்டேன். சொல்லாமல் வைத்திருந்தது ஒன்றுதான். அதை எழுதினால் சிலர் என்னை மதிக்க மாட்டார்கள். பரவாயில்லை, ஓய்வூதியத்தை நிறுத்த மாட்டார்கள்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், என்னைப் பழக்கிய மூத்த மருத்துவமாது ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பெயர் எழுதினால் பிடிக்காது. கோபக்காரி. ஒருநாள் மழையில் மேல் லயத்துக்கு ஏறச் சோம்பல்பட்டு, கீழ் றோட்டில் நின்று பார்த்தேன். ஒரு கதவில் பூட்டு தொங்கியது. பதிவேட்டில் ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதிவிட்டேன். மறுநாள் அவர் அதை வாசித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு ஏறினார். அந்த வீட்டுக்குப் பின்வாசல் இருந்தது. உள்ளே பிள்ளை பெற்று ஒன்பது நாளான பெண் காய்ச்சலோடு கிடந்தாள். நல்லவேளை, அவள் பிழைத்தாள். இறங்கி வரும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: நீ எழுதியதை நீ இல்லாத ஒரு நாளில் இன்னொருத்தி வாசிப்பாள், அவள் உன்னை நம்புவாள், அவளை ஏமாற்றாதே.

இதை முப்பது வருடம் மறக்கவில்லை. பிறகு மறந்தேன். எப்படி மறந்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

கொரோனாவின் இரண்டாம் வருடம். ஹாலிஎலைக்கு மேலே, எட்டுக் கிலோமீற்றர் ஏறினால் ஒரு தோட்டம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அதன் மேல் டிவிசன் என் பகுதி. அங்கே பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள். பதினான்கு வீடு மட்டும் கத்தோலிக்கர். தேயிலை மலைக்கு நடுவே தகரக் கூரை போட்ட சின்ன மாதா கோயில் ஒன்று உண்டு. டவுனிலிருந்து பங்குச் சுவாமி மாதம் ஒருமுறை பூசை வைக்க வருவார். பாதர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் செபம் சொல்லிக் கொடுப்பார். அவர் ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்ந்தவர், பாவம், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். அதனால் பாதரிடமிருந்து ஏதாவது கடிதம் வந்தால் என்னை வாசிக்கச் சொல்வார்கள். நானும் கத்தோலிக்கப் பெண், குரலும் கணீரென்று இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அந்தப் பதினான்கு வீடுகளில் ஒன்று ரீட்டாவுடையது. கொழுந்து பறிப்பவள், அப்போது இருபத்தாறு வயது. புருஷன் அந்தோனி மலையில் மருந்தடிக்கும் வேலை செய்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பு ரீட்டாவின் முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது நான் அங்கே இருந்தேன். ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை மற்றவர்களோடு புதைக்கக் கூடாது என்று பெரியவர்கள் யாரோ சொன்னார்கள். அது பழைய பேச்சு. பாதரிடம் கேட்டிருந்தால் அவரே வந்து செபம் சொல்லிப் புதைத்திருப்பார். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மயானத்தின் ஓரத்தில் வேலிக்கரையில் குழி வெட்டினார்கள். ரீட்டா விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

இப்போது அவளுக்கு மறுபடியும் ஏழு மாதம்.

அந்த ஓகஸ்ட் மாதம் எப்படி இருந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியாது. ஊரடங்கு, ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. ஒரே காம்பராவில் ஏழு பேர் வாழும் லயத்தில் தனிமைப்படுத்தல் என்றால் யாரை எங்கே தனிமைப்படுத்துவது. பக்கத்து டிவிசனில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி மூச்சு முட்டிச் செத்தாள். வயிற்றுப் பிள்ளையும் போயிற்று. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அவளை எனக்குத் தெரியும். அவள் கொரோனா ஊசி போடவில்லை, பயந்துகொண்டிருந்தாள். நான் இன்னும் ஒரு தடவை போய்ப் பேசியிருக்கலாம் என்று அன்றிரவு முழுவதும் நினைத்தேன்.

கர்ப்பிணிகளுக்கு ஊசி கட்டாயம் போய்ச் சேரவேண்டும் என்று மேலிடத்திலிருந்து தினமும் தொலைபேசி வந்தது. என் பட்டியலில் மூன்று பேர் மீதி. இரண்டு பேரைச் சமாளித்துவிட்டேன். மூன்றாவது ரீட்டா.

நான் போனபோது அவள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், முகக்கவசத்தைச் சரியாகப் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

“மிஸ், எனக்கு ஊசின்னா பயம் இல்ல. கலைச்ச புள்ளையோட ஒடம்புச் செல்லுல வச்சுத்தான் அந்த ஊசிய வளத்தாங்கன்னு போன்ல வந்திருக்கு. அது நெசமாங்க? நெசம்னா எம் மனசாட்சி எடம் குடுக்கல. நானே ஒரு புள்ளய மண்ணுக்குக் குடுத்தவ. இன்னொரு தாய் வயித்துப் புள்ளய வச்சு நாம் பொழைக்கணுமா?”

இதைத் திரும்ப வாசியுங்கள். இதில் ஒரு கேள்வி இருக்கிறது. அது நெசமா என்று கேட்டாள். நான் அந்தக் கேள்வியைக் கவனிக்கவே இல்லை. என் காதில் விழுந்தது ‘மாட்டேன்’ என்ற ஒன்றுதான். போனில் வருவதையெல்லாம் நம்பாதே புள்ள என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் இறங்கினேன். அந்த ஊசி எதில் வளர்த்தது என்று எனக்கும் தெரியாது. எங்கள் பகுதி டொக்டரம்மாவிடம் கேட்டிருந்தால் அரை நிமிட வேலை. கேட்கத் தோன்றவில்லை. கத்தோலிக்கப் பெண்ணுக்கு மனசாட்சிப் பிரச்சினை என்றால் பாதர்தான் மருந்து என்று நினைத்தேன்.

பாதருக்குத் தொலைபேசி எடுத்தேன். இதே கேள்வி வேறு தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கிறது, எல்லாருக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், உபதேசியாரின் போனுக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார். உபதேசியாரின் போனில் கண்ணாடி வெடித்து எழுத்துப் பாதி தெரியாது. அதனால் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதினேன்.

நல்ல கடிதம். இந்த ஊசியைப் போட்டுக்கொள்வது பாவம் ஆகாது, திருச்சபை அதை அனுமதிக்கிறது, நம்மையும் அயலவரையும் காப்பாற்றப் போட்டுக்கொள்வது அன்பின் செயல் என்று தெளிவாக எழுதியிருந்தார். கடைசியில் இன்னொரு பந்தி இருந்தது. இது அவரவர் சுதந்திரமாக எடுக்க வேண்டிய முடிவு. நன்றாக விசாரித்து, செபித்து, அதன் பிறகும் ஒருவருடைய மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றால் அவரை யாரும் கட்டாயப்படுத்தவோ ஏளனமாகப் பார்க்கவோ கூடாது. ஆனால் அப்படிப்பட்டவர் தன்னால் மற்றவருக்கு நோய் தொற்றாதபடி எல்லாக் கவனமும் எடுக்கக் கடமைப்பட்டவர். இதுதான் சாரம்.

அந்தப் பந்திக்கு வந்ததும் என் பேனா நின்றது.

பக்கத்து டிவிசன் பெண்ணின் முகம் வந்தது. இந்தப் பந்தியை வாசித்தால் ரீட்டா இதைப் பிடித்துக்கொள்வாள், இவளையும் தூக்கிக்கொண்டு போகவேண்டி வரும் என்று நினைத்தேன். இது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. பட்டியலில் ஒரு கட்டம் காலியாக இருந்தது எனக்கு உறுத்தியது. என் சொல்லை ஒரு கொழுந்துக்காரப் பெண் கேட்காததும் உறுத்தியது. தாளை மடித்து வைத்துக்கொண்டேன்.

ஊரடங்கில் கோயிலில் கூட முடியாது. அதனால் உபதேசியார் மாலையில் தனியாகக் கோயிலுக்குள் நின்று ஒலிபெருக்கியில் செபமாலை சொல்வார். சனங்கள் அவரவர் லயத்து வாசலில் உட்கார்ந்து பதில் சொல்வார்கள். இந்துக்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள், வேறு பொழுதுபோக்கு இல்லை. அன்றைக்குச் செபமாலை முடிந்ததும் நான் மைக்கை வாங்கினேன். ‘பாதர் நமக்கு எழுதிய கடிதத்தை வாசிக்கிறேன்’ என்று தொடங்கினேன். அனுமதி, அன்பின் செயல் எல்லாம் வாசித்தேன். ‘இத்துடன் பாதரின் கடிதம் முடிகிறது’ என்று முடித்தேன். பிறகு மாதா பாட்டு ஒன்றும் பாடினேன். மலை முழுக்கக் கேட்டது.

மறுநாள் காலையில் ரீட்டா தானாகவே ஊசிக்கு வந்து நின்றாள். “திருச்சபையே சொல்லிடுச்சு. அதுக்கு மேல நா யாரு மிஸ்” என்றாள். ஊசி போடும்போது அழுதாள். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். நான் பட்டியலில் கடைசிக் கட்டத்தை நிரப்பினேன். அந்த வாரக் கூட்டத்தில் என் பகுதியைப் பாராட்டினார்கள், எப்படிச் சமாளித்தேன் என்று கேட்டார்கள். பாதர் உதவினார் என்று பணிவோடு சொன்னேன்.

உங்களுக்கு இப்போது ஒரு கேள்வி எழும். அதனால்தானே அவள் பிழைத்தாள், நல்லதுதானே செய்தீர்கள் என்று. நானும் அப்படித்தான் பல மாதம் சொல்லிக்கொண்டேன். அவள் பிழைத்தாள். ஒக்டோபரில் பையன் பிறந்தான். சுகமான பிள்ளை, நிரோஷன் என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் மாதத் தடுப்பூசிக்கு ரீட்டாவே கொண்டுவந்தாள்.

கிறிஸ்து பிறந்தநாளான நத்தாருக்குக் கோயில் திறந்தார்கள். பாதர் வந்தபோது பழைய அறிவித்தல்களையும் கொண்டுவந்து பலகையில் குத்தினார். அச்சடித்த அந்தக் கடிதமும் அதில் இருந்தது. பூசை முடிந்து நான் வெளியே வந்தபோது ரீட்டா பிள்ளையைத் தோளில் போட்டபடி பலகை முன்னால் நின்றாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், விரல் வைத்து மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தாள். விரல் கடைசிப் பந்தியில் இருந்தது.

“மிஸ், ஒங்க கடுதாசியில இது இல்லீங்களா?”

அன்றைக்கு அந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது என்றேன்.

“கரண்ட் போகல மிஸ். அதுக்குப் பொறகு நீங்க மாதா பாட்டுப் பாடுனீங்க.”

அவள் சத்தம் போடவில்லை. பிள்ளையின் தலையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு இறங்கிப் போனாள். அதன் பிறகு நான் மேலே போனால் அந்தோனிதான் வாசலுக்கு வருவான். அவ தூங்குறா மிஸ் என்பான். நாலாம் மாத ஊசியையும் ஆறாம் மாத ஊசியையும் அவள் பிள்ளையை ஹாலிஎலைக்குக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டாள். பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, எட்டுக் கிலோமீற்றர், என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக.

அப்போதுதான் டொக்டரம்மாவிடம் கேட்டேன். சிங்களப் பிள்ளை, இளவயது, தமிழைக் கொஞ்சம் உடைத்துப் பேசினாலும் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்வார். நம் தோட்டத்துக்கு வந்தது சீனாவிலிருந்து வந்த ஊசி, அதை வளர்த்தது குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த உயிரணுக்களில், எந்தப் பிள்ளைக்கும் அதில் சம்பந்தம் இல்லை என்றார். அரை நிமிடம் கூட ஆகவில்லை. பிறகு அவராகவே சொன்னார்: ஒன்பதாம் மாதம் போடும் எம்.எம்.ஆர். ஊசிதான் அப்படிப்பட்டது, அதிலுள்ள ருபெல்லா பகுதியை, அறுபது வருடத்துக்கு முன் கலைத்த கருவிலிருந்து எடுத்த உயிரணுக்களின் வழிவந்தவற்றில்தான் வளர்க்கிறார்கள், அதன் பிறகு அதற்காகப் புதிதாக எந்தக் கருவும் வேண்டியிருக்கவில்லை. ஏன், யாராவது கேட்டார்களா என்றார். இல்லை டொக்டர், சும்மா கேட்டேன் என்றேன்.

ரீட்டாவின் அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ‘இல்லை’. அதை நான் விசாரித்துச் சொல்லியிருந்தால் அவள் மனசாட்சியோடு சண்டையே போட வேண்டியிருந்திருக்காது. பாதரின் கடிதம்கூடத் தேவைப்பட்டிருக்காது.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அந்தக் கடைசிப் பந்திய எழுதத்தான் மூணு நாள் யோசிச்சேன் மிஸ். ரோமாபுரியே தெறந்து வச்ச கதவு அது. நீங்க சாத்திட்டீங்களே” என்றார். அபராதமாகச் செபம் எதுவும் தரவில்லை. போய் அவளிடம் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார்.

நான் போகவில்லை. நாடு கடனில் மூழ்கியிருந்த நேரம், பெற்றோல் இல்லை, பஸ் சரியாக ஓடவில்லை, எனக்கு முழங்கால் வலி. எல்லாம் உண்மையான காரணங்கள். நடந்து போயிருக்கலாம். அவளுடைய மாமியார் வயதில் உள்ளவர்கள் தினமும் அந்த மலையில் கொழுந்துக் கூடையோடு நடக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

நான் போகாவிட்டாலும் அவள் வந்தாள். ஜூலை மாதம், ஹாலிஎலையில் மண்ணெண்ணெய் வரிசை. வெயிலில் இருநூறு பேர், எல்லார் கையிலும் கேன். எனக்கு நாலு பேருக்குப் பின்னால் ரீட்டா நின்றாள். இடுப்பில் நிரோஷன், ஒன்பது மாதம், கொழுகொழுவென்று. என் மூக்குக்கண்ணாடியைப் பிடிக்கக் கை நீட்டினான். ரீட்டா வரிசையை விட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். ஏழு மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசுகிறாள்.

“மிஸ், ஹாலிஎல கிளினிக்குல இந்த ஒம்பதாம் மாச ஊசிய ஒங்க ஏரியா மிஸ்ஸுகிட்டயே போட்டுக்கன்னு சொல்லிட்டாங்க. ஒண்ணு கேக்கணும். இந்த ஊசிதான் அந்த மாதிரின்னு சொல்றாங்க. இது நெசமாங்க? இந்தத் தடவையாச்சும் சொல்லிடுங்க.”

எனக்குப் பதில் தெரியும். வரிசையில் எங்கள் தோட்டத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஆமாம் என்று சொன்னால் நாளைக்குப் பதினான்கு வீட்டிலும் பிள்ளைகளுக்கு ஊசி நின்றுவிடும் என்று பயந்தேன். கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசியிருக்கலாம். அப்படிச் செய்தால் வரிசையில் என் இடம் போய்விடும். அதுவும் என் மனதில் ஓடியது, மறைக்கவில்லை. ஒரு கேன் மண்ணெண்ணெய்க்கு நான் அன்றைக்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்தேன்.

“தோட்டத்துல எல்லாப் புள்ளைங்களுந்தான் போட்டுக்குது. ஒனக்கு மட்டும் என்ன புள்ள, எப்பப் பாத்தாலும் கேள்வி” என்றேன். இரண்டொருவர் சிரித்தார்கள்.

அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். “யோசிக்கிறேங்க மிஸ்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அவள் விட்ட இடத்தில் வேறொருத்தி நின்றுவிட்டதால் அவள் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டியிருந்தது.

அன்று மாலை பதிவேட்டைத் திறந்து நிரோஷனின் பெயருக்கு நேரே எழுதினேன்: ‘தாய் மறுத்தார்.’

அவள் மறுக்கவில்லை. கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். இந்த இடத்தில்தான் என் மூத்தவரின் குடையும் அந்த மழையும் எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அந்த வருடக் கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள். பதிவேடுகளை எனக்குப் பின் வந்த இளம் மருத்துவமாதுவிடம் ஒப்படைத்தேன், தங்கச்சி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். அவள் கெட்டிக்காரி, கால் வலி இல்லாதவள், எல்லா லயத்துக்கும் ஏறுபவள். ரீட்டாவின் வீட்டுக்கு மட்டும் அந்த ஊசி விஷயமாகப் போகவில்லை. மறுத்த தாயிடம் வந்தவுடனேயே போய்ச் சண்டை போட வேண்டாம், பழகின பிறகு பேசலாம் என்று தள்ளி வைத்தாள். நியாயமான யோசனை. நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அடுத்த வருடம், அந்த ஒன்பதாம் மாத ஊசி தடுக்கும் சின்னமுத்து, அதாவது தட்டம்மை, திரும்பி வந்தது. பல வருடம் நாங்கள் காணாத நோய். நிரோஷனுக்கு அப்போது இருபது மாதம். அம்மா, பூ, பஸ், மாமா என்று பேசத் தொடங்கியிருந்தான். காய்ச்சலும் தடிப்பும் வந்து, பிறகு மூளைக் காய்ச்சலாகி, பதுளை ஆஸ்பத்திரியில் இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்தான். உயிர் தப்பினான். வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தார்கள், கூப்பிட்டால் திரும்பவில்லை. இரண்டு காதும் போய்விட்டன. காது கேட்காமல் போனதும் அவன் பேசிய நாலு சொல்லும் ஒவ்வொன்றாக அவனை விட்டுப் போயின. கடைசியாகப் போனது ‘அம்மா’.

தங்கச்சி என் வீட்டுக்கு வந்து அழுதாள். மறுத்தார்னு எழுதியிருந்துச்சு மிஸ், அதான் போகல என்றாள். நான் அவளிடம் அன்று சொன்னதை எல்லாருக்கும் முன்னால் இங்கேயும் எழுதுகிறேன்: தங்கச்சி, அது உன் தவறு இல்லை. நீ என் எழுத்தை நம்பினாய். நான் உன்னை ஏமாற்றினேன்.

அதன் பிறகுதான் மேலே ஏறினேன், நடந்தேதான். ரீட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், குரங்கு, வரிசை, பதிவேடு. திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன், திட்டினால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். “நானுந்தான் விட்டுட்டேன். ஒங்ககிட்ட கேட்டதோட நிக்காம வேற யார்கிட்டயாச்சும் கேட்டிருக்கணும்” என்றாள். அந்தத் தேத்தண்ணியை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத் தெரியாது.

இனி மிச்சம் கொஞ்சம்தான். ரீட்டாவுக்கு மறுபடியும் ஒரு பிள்ளை, பெண். அண்மையில் அதற்கு ஒன்பது மாதமானது. தங்கச்சி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். ரீட்டா அதே கேள்வியைக் கேட்கிறாள், என்னிடமிருந்துதான் பதில் வேண்டும் என்கிறாள் என்றாள். போனேன்.

கிளினிக் தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் நடந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் அறைதான் அது. அன்றைக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தன. நிரோஷனும் ஒரு மூலையில் சோடா மூடிகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். நான் ரீட்டாவை ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

ஆமாம் என்றேன். இந்த ஊசி அப்படி வளர்த்ததுதான் என்றேன். அறுபது வருடத்துக்கு முந்திய கரு, அதன் பிறகு இதற்காக வேறு பிள்ளை இல்லை. ஊசிக்காக என்று அந்தக் கருவைக் கலைக்கவில்லை. நம் நாட்டில் இதற்குப் பதிலாக வேறு ஊசி இல்லை. வேறு வழி இல்லாதபோது பிள்ளைகளைக் காப்பாற்றப் போட்டுக்கொள்ளலாம், அதே நேரம் வேறு மாதிரி ஊசி செய்யச் சொல்லியும் கேட்க வேண்டும் என்று திருச்சபை சொல்கிறது. கடைசிப் பந்தியையும் சொன்னேன்: கட்டாயம் இல்லை, முடிவு உன்னுடையது. போடாவிட்டால் நோய் வரும் காலத்தில் பிள்ளையை எப்படிப் பத்திரமாக வைத்திருப்பது என்றும் சொன்னேன். என் விருப்பம் என்ன என்று கேட்டாள். போடவேண்டும் என்பதுதான் என்றேன்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்தப் புள்ளைக்குப் பேர் வச்சிருந்தாங்களா மிஸ்?”

தெரியாது என்றேன்.

“எங்க மொதப் புள்ளைக்கு நா ஒரு பேர் வச்சிருந்தேன். யாருமே கேக்கல.”

கேட்டேன். சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன், அது அவளுடையது. அடுத்த மாதம் பாதர் வரும்போது ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பூசை வைக்கிறேன் என்றாள். பிறகு மேசைக்கு வந்து உட்கார்ந்து, சின்னவளின் சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டாள். கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம் ஆகியிருந்தது.

தங்கச்சி ஊசி போட்டாள். சின்னவள் வீறிட்டு அழுதாள். அந்தக் காம்பராவில் இருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. இரண்டு பிள்ளைகள் பயந்து கூடவே அழத் தொடங்கின. நிரோஷன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூடிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான்.